பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவரைத் தேடும் முறை: டெல்டா குடும்பங்களுக்காக

மகாளய அமாவாசையன்று காவிரிப் படித்துறைகளிலும் கோடியக்கரைக் கடலிலும் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, இறந்த நாள் தெரியாத, இறந்தாரா என்பதே உறுதிப்படாத ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் குடும்பங்கள் டெல்டா மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. "ஜப்பான் சண்டைக்குப் போனவர்" என்பதற்கு மேல் அவரைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. என் பாட்டியின் தமையனார் அப்படிப்பட்டவர். 1941இல் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து சென்னைக்கு இரயிலேறினார். அதன் பிறகு மலாயாவிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, ஒரு தந்தி வந்தது, அதோடு சரி. திதி கொடுத்துவிட்டால் அண்ணன் இறந்ததாக ஆகிவிடும் என்று அஞ்சிய பாட்டி, தாம் இருந்தவரை அதற்குச் சம்மதிக்கவே இல்லை. அவரைத் தேடிய ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டதையும், பிறகு வேறு சில குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தபோது தெரிந்துகொண்டதையும் இங்கே முறையாக எழுதி வைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 87,000 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பொறியியல் வேலைகளைச் செய்த மெட்ராஸ் சேப்பர்ஸ், மெட்ராஸ் ரெஜிமெண்ட், பயனியர் படை, வாகனமும் உணவும் கவனித்த இராணுவ சேவைப் படை, மருத்துவப் படை என்று பல பிரிவுகளில் இருந்தார்கள். இவர்களில் ஒருவரை இன்று தேடும் குடும்பம் குறைந்தது மூன்று நாடுகளின் அலுவலகங்களோடு பேச வேண்டியிருக்கும். அவர் எந்த நாட்டில் மறைந்தாரோ அந்த நாடு, போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இருக்கும் இங்கிலாந்து, படைப்பிரிவின் பதிவேடு இருக்கும் இந்தியா ஆகியவை அந்த மூன்று. இந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக் கேள்விக்கு மட்டும் பொறுப்பாகப் பதில் சொல்லும். நமக்காக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. அவற்றுக்கிடையே செய்தியைக் கொண்டு செல்லும் வேலை குடும்பத்துடையது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பல ஆண்டு அலைச்சல் மிச்சமாகும்.

டிரங்குப் பெட்டியும் மாமாங்கமும்

தேடல் பர்மாக் காட்டில் தொடங்குவதில்லை, பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில்தான் தொடங்குகிறது. தந்தி, மணியார்டர் ரசீது, குடும்ப ஓய்வூதியப் புத்தகம், இராணுவத் தபால் முத்திரை விழுந்த உறை, சீருடையில் எடுத்த புகைப்படம், பதக்கம் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் அதைப் பேனாவால் மீண்டும் எழுதிப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் விட மதிப்புள்ளது படை எண். அது கிடைத்துவிட்டால் பெயரில் உள்ள குழப்பங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பதக்கங்களில் நட்சத்திர வடிவத்தில் இருப்பவை அவர் எந்தப் போர்முனையில் இருந்தார் என்பதைச் சொல்லும். பர்மா நட்சத்திரம், ஆப்பிரிக்கா நட்சத்திரம், இத்தாலி நட்சத்திரம் ஆகியவற்றைப் பெயரைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஆனால் 1941 டிசம்பரிலிருந்து 1942 பிப்ரவரி வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த சண்டைக்கு அளிக்கப்பட்டது பசிபிக் நட்சத்திரம். "எங்கள் தாத்தா பசிபிக் கடலுக்கே போனதில்லையே" என்று அதை ஒதுக்கி வைத்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். உண்மையில் அந்த ஒரு பதக்கமே அவர் சிங்கப்பூரில் இருந்ததற்குச் சான்றாக இருந்தது.

அடுத்து, வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் பேச வேண்டும். எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. கும்பகோணம் மாமாங்கத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் வரும். மகாமகம் 1933இலும் 1945இலும் நடந்தது என்பது நமக்குத் தெரியும். அதேபோல் அவர் புறப்பட்டபோது வயலில் குறுவை அறுப்பா, தாளடி நடவா என்று கேட்டால் மாதத்தை நெருங்கிவிடலாம். அப்பாயியும் அம்மாயியும் சொல்வதைத் திருத்தாமல், அவர்களுடைய சொற்களிலேயே பதிவு செய்வது நல்லது. "ரப்பர்க் காட்டில் இருக்கிறேன்னு எழுதினான்" என்ற ஒரு வரி மலாயாவைக் காட்டும். "அங்கே சப்பாத்தி மட்டும்தான்" என்ற வரி வேறொரு முகாமைக் காட்டும். கிறித்தவக் குடும்பங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் ஜமாஅத் ஏட்டையும், மற்றவர்கள் பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் பார்த்து, தகப்பனார் பெயரும் பிறந்த ஆண்டும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளலாம்.

பெயரை எழுதிய விதம்

இந்தத் தேடலில் மிக அதிகமான காலம் வீணாவது எழுத்துக்கூட்டலில்தான். ஆள்சேர்ப்பு முகாமில் தமிழ் தெரியாத ஓர் எழுத்தர், காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அதை இன்னொருவர் தட்டச்சு செய்தார். கல்லில் பொறிக்கும்போது மூன்றாமவர் படித்தார். சண்முகம் என்ற ஒரு பெயரே ஆங்கிலத்தில் ஷண்முகம், சன்முகம், ஷுன்முகம், சண்முகன் என்று படிக்கும்படியாக நான்கைந்து விதங்களில் வரும். ழகரம் வரும் பெயர்களில் அது லகரமாகவோ யகரமாகவோ இசட் எழுத்தாகவோ மாறியிருக்கும். பழனி என்பது பலனி ஆகியிருக்கும். தலைப்பெழுத்து சில பதிவுகளில் பெயருக்கு முன்னும் சிலவற்றில் பின்னும் நிற்கும். சாதிப் பட்டம் சிலருக்குப் பெயரின் பகுதியாகவே சேர்ந்து, ஆணையத்தின் பட்டியலில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஊர்ப்பெயருக்கும் இதே கதிதான். அன்றைய ஆவணங்களில் இப்போதைய நான்கு மாவட்டங்களும் பெரும்பாலும் 'டான்ஜூர்' என்ற ஒரே பெயருக்குள் இருக்கும். நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும்தான் தனி மாவட்டங்களாயின. மயிலாடுதுறையை மாயவரம் என்றும், நாகப்பட்டினத்தை நெகபடம் என்றும், சீர்காழியை ஷியாலி என்றும், தரங்கம்பாடியை டிராங்கபார் என்றும் தேட வேண்டும். கிராமத்தின் பெயர் இல்லாமல் தபால் நிலையம் இருந்த ஊரின் பெயரோ தாலுகாவின் பெயரோ மட்டும் இருக்கவும் கூடும். ஆகவே, அவருடைய பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் ஊருக்கும் தாலுகாவுக்கும் ஆங்கிலத்தில் வரக்கூடிய எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடி, தேடியதை அடித்துக்கொண்டே வருவதுதான் சலிப்பானதானாலும் பயன் தரும் வழி.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இந்தப் பெயர்களை இலவசமாகத் தேடலாம். 1917இல் தொடங்கப்பட்ட அந்த ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் நினைவைக் காக்கிறது. பெயரால் கிடைக்கவில்லை என்றால், கூடுதல் தகவல் என்ற இடத்தில் ஊரின் பெயரை மட்டும் இட்டுத் தேடிப் பாருங்கள். "இன்னாரின் மகன், டான்ஜூர் மாவட்டம், இன்ன ஊர்" என்று பல இந்திய வீரர்களின் பதிவுகளில் எழுதியிருப்பார்கள். எங்கள் தேடல் முடிவுக்கு வந்தது இந்த வழியில்தான். பாட்டியின் தமையனார் பெயர் சிதைந்திருந்தது. தகப்பனார் பெயரும் ஊரும் சரியாக இருந்தன.

பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது

பதிவு கிடைத்ததும் பலர் "கல்லறை கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அங்கே நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பெயர் பொறிக்கப்பட்ட இடத்தின் வகைதான் இனிமேல் தேட ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

முதல் வகை, தனிக் கல்லறை. உடல் அடையாளம் காணப்பட்டு, அங்கே புதைக்கப்பட்டிருக்கிறது. முஸ்லிம், கிறித்தவ வீரர்களுக்கு இது அதிகம். புதைக்க நேர்ந்த இந்து வீரர்களுக்கும் உண்டு. இரண்டாம் வகை, தகன நினைவுச் சின்னம். இம்பாலில் உள்ள தகன நினைவுச் சின்னத்தில் 868 பேரின் பெயர்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் கிராஞ்சிக் கல்லறையில் இருப்பதில் ஏறத்தாழ 800 பெயர்கள். பர்மாவில் தௌக்கியானிலும் ஒன்று உண்டு. இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால், அவருக்கு அவருடைய சமய முறைப்படி எரியூட்டப்பட்டுவிட்டது என்று பொருள். தோண்டி எடுக்க எதுவும் இல்லை. "உடலை நாய் நரி இழுத்திருக்குமோ" என்று பல ஆண்டுகள் தூக்கம் கெட்டுப் போன குடும்பங்களுக்கு இந்த ஒரு செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் இதை அவர்களிடம் தெளிவாக, அவசரப்படாமல் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகைதான் கடினமானது. சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்களும், தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்களும் இருக்கின்றன. இவர்கள் எல்லோரும் கல்லறை எங்கே என்று தெரியாதவர்கள். பெயர் அங்கே இருக்கிறது. உடல் அங்கே இல்லை. தௌக்கியானில் புதைக்கப்பட்டவர்களில் அடையாளம் தெரியாதவர்கள் 867 பேர் இருக்கிறார்கள். இந்த நினைவுச் சின்னத்தில் பெயராக மட்டும் இருக்கும் ஒருவர் சில அடி தூரத்தில் பெயரில்லாத கல்லுக்குக் கீழே இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சாத்தியத்தை ஆராய்வதற்கு ஆணையத்தின் பழைய ஆவணங்கள் உதவும். போருக்குப் பிறகு சிதறிக் கிடந்த களக் கல்லறைகளை ஒரே மயானத்தில் சேர்த்தார்கள். தௌக்கியானுக்கு அக்யாப், மாண்டலே, மெய்க்திலா, சஹ்மா ஆகிய இடங்களில் இருந்த கல்லறைகள் மாற்றப்பட்டன. அப்படிச் சேர்க்கும்போது, உடல் முதலில் எங்கே கிடைத்தது, உடன் என்ன பொருள் இருந்தது, எந்தப் படைப்பிரிவு என்று கருதப்பட்டது என்பவற்றை ஒரு படிவத்தில் எழுதினார்கள். பதிவின் கீழே இந்தப் படிவங்களின் நகல் இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். அதில் உள்ள வரைபடக் குறியீட்டையும் நம்மவர் பிரிவு அந்த நாளில் இருந்த இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இத்தகைய ஆராய்ச்சியின் முதல் படி.

சிங்கப்பூரில் மறைந்தவர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் கைதானார்கள். சிலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலரை ஜப்பானியர் கப்பலேற்றி நியூ கினி, நியூ பிரிட்டன், போர்னியோ முதலிய இடங்களுக்கு வேலைக்குக் கொண்டு போனார்கள். எனவே சிங்கப்பூரில் காணாமற்போனதாகக் குடும்பத்துக்குச் சொல்லப்பட்டவரின் கல்லறை இன்றைய பப்புவா நியூ கினியில், ரபவுலுக்கு அருகில் உள்ள பீட்டா பாக்கா மயானத்திலோ லே மயானத்திலோ இருக்கலாம். நாட்டின் பெயரை வைத்துத் தேடலைச் சுருக்கிவிடாதீர்கள்.

பட்டியலில் இல்லாதவர்கள்

எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை என்றால், அவர் கீழே சொல்லும் வகைகளில் எதைச் சேர்ந்தவர் என்று பார்க்க வேண்டும். படையில் இருந்து, 1939 செப்டம்பர் 3க்கும் 1947 டிசம்பர் 31க்கும் இடையில் பணியின்போது இறந்து, பெயர் விடுபட்டுப் போனவராக இருந்தால், பணிக்கும் இறப்புக்கும் ஆவணச் சான்று காட்டி, பெயரைச் சேர்க்கும்படி ஆணையத்திடம் கோரலாம். முதல் உலகப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்களுக்குச் சமமான நினைவு தரப்படவில்லை என்று ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. அதனால் இத்தகைய கோரிக்கையைத் தயங்காமல் எழுதலாம். எந்தக் கட்டணமும் கிடையாது.

இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து மறைந்தவர் ஆணையத்தின் பொறுப்பில் வரமாட்டார். அவருக்கு டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளே வழி. அக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் கோப்புத் தலைப்புகளைத் தேடலாம்.

பர்மா–சயாம் இரயில் பாதைக்குப் போன தமிழர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்குப் போன டெல்டாக்காரர்களில் பலர் தோட்டத் தொழிலாளிகள். ஜப்பானியர் அவர்களைப் பிடித்து, 1942–43இல் 415 கிலோமீட்டர் நீளப் பாதை போடக் கொண்டு போனார்கள். பல்லாயிரவர் அங்கேயே காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைகள் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு உரியவை. இந்தத் தொழிலாளர்களுக்கு அங்கே பெயர்ப்பட்டியல் இல்லை. காஞ்சனபுரியின் தாவோர்ன் வராராம் புத்த விகாரையில்தான் அவர்களில் பலரின் எலும்புகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அங்கே ஒரு நடுகல்லும் எழுப்பப்பட்டிருக்கிறது. நீங்கள் தேடுபவர் பட்டாளத்துக்குப் போகவில்லை, தோட்டத்துக்குப் போனவர் என்று தெரியவந்தால், இங்கிலாந்துக்கு எழுதிக் காலத்தைக் கழிக்காமல், அவர் இருந்த தோட்டத்தின் பெயரைக் கொண்டு மலேசியாவில் உள்ள தமிழ் அமைப்புகளை அணுக வேண்டும்.

ஒரு கோப்பு, ஒரு கை

எங்கள் குடும்பம் செய்த பெரிய பிழை இதுதான். பாட்டியின் பேரப்பிள்ளைகள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே அலுவலகத்துக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று கடிதங்கள் எழுதினோம். அங்கே மூன்று ஆட்களைத் தேடுவதாக மூன்று கோப்புகள் திறந்தார்கள். அவற்றை ஒன்றாக்கி, பழைய பதில்களைத் திரும்பப் பெற ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

ஆகவே குடும்பம் கூடிப் பேசி, ஒருவரைத் தொடர்பாளராக நியமித்து, மற்ற வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு சம்மதக் கடிதத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அலுவலகங்கள் "உரிய உறவினர் யார்" என்று கட்டாயம் கேட்கும். 80 ஆண்டுகளுக்கு முன் மறைந்தவருக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெறுவது எளிதில்லை. அவ்வாறு கிடைக்காதபோது, கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு கூடிய வம்சாவளிப் பட்டியலையும், நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரத்தையும் அனுப்பிப் பார்க்கலாம். ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி சான்றளிக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையை அவர்கள் கேட்ட பிறகு வாங்கினால் போதும். முன்கூட்டியே வாங்குவது வீண் செலவு.

இந்தியாவில் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கிருந்து படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுதச் சொல்லிக் கேட்கலாம். சேப்பர்ஸ் பிரிவுக்கு அது பெங்களூரில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. இந்திய வீரர்களின் பணிப் பதிவேடுகள் இங்கிலாந்தில் இல்லை என்பதால் இந்தப் படியைத் தாண்டிப் போக முடியாது. நெடுங்காலம் பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பம் போடலாம். போர்க் கைதியாக இருந்தவர் என்றால் ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதலாம். ஆனால் அவர்கள் ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் விண்ணப்பங்களை ஏற்கிறார்கள். அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, திறந்த அன்றே அனுப்ப வேண்டும்.

எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் மேலே ஒரே வரிசையில் படை எண், பெயர், பிரிவு, மறைந்த நாள், நம் கோப்பு எண் ஆகியவை இருக்கட்டும். ஒரு கடிதத்தில் ஒரு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள். தொலைபேசியில் பேசினால், பேசிய அன்றே "இன்று நீங்கள் சொன்னதை இவ்வாறு புரிந்துகொண்டேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். நேரக் கணக்கையும் கோப்பின் அட்டையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இலண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்னே. பாங்காக் ஒன்றரை மணி முன்னே, சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே, ரபவுல் நான்கரை மணி முன்னே. போர்ட் மோர்ஸ்பியில் அலுவலகம் மூடும் நேரத்தில் இங்கே மதியச் சாப்பாடுகூட முடிந்திருக்காது.

பணம் கொடுத்தால் எலும்பை எடுத்துத் தருகிறேன், கல்லறையைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது எழுதினால் பதில் போடாதீர்கள்.

எச்சங்கள் கிடைத்தால்

வெளிநாட்டில் யாரோ ஒருவர் எலும்பும் பொத்தானும் கிடைத்ததாகப் படம் அனுப்பினால், முதலில் சொல்ல வேண்டியது தொடாதீர்கள் என்பதுதான். பழைய போர்க்களத்தில் வெடிக்காத குண்டுகள் இன்னும் இருக்கின்றன. அதோடு, எலும்பு எந்த நிலையில், எந்தப் பொருளுக்கு அருகில் கிடந்தது என்பதே பாதி அடையாளம். அவர் உள்ளூர்க் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நாம் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் இராணுவ விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரிக்கும் போர்க் கல்லறை ஆணையத்துக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும். கழுத்தில் கிடந்த அடையாள வில்லையை நம்பி இருக்க முடியாது. அன்றைய வில்லைகள் நார்ப்பொருளால் ஆனவை; பர்மாவின் ஈர மண்ணில் அவை மக்கிப் போயிருக்கும்.

கிடைத்தவர் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்து அடுத்த வழி பிரிகிறது. அமெரிக்கா தன் வீரர்களின் எச்சங்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோகிறது. அதற்கென்றே ஹவாயில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. இந்தியாவின் வடகிழக்கில் விழுந்த விமானங்களைத் தேடும் பணிக்காக 2021இல் காந்திநகர் தேசிய தடயவியல் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தமும் செய்திருக்கிறது. ஜப்பான் 2016இல் தனிச் சட்டமே இயற்றித் தன் வீரர்களின் எலும்புகளைச் சேகரித்து வருகிறது. பிரித்தானிய மரபு அப்படியில்லை. இறந்த நாட்டிலேயே, தோழர்களுக்கு அருகில் அடக்கம் செய்வது முதல் உலகப் போரிலிருந்து வரும் விதி. இந்திய வீரர்களுக்கும் பொதுவாக அதுவே பொருந்துகிறது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை: 1944 செப்டம்பரில் இத்தாலியில் உயிரிழந்த, 13ஆம் ஃபிராண்டியர் ஃபோர்ஸ் ரைஃபிள்ஸ் பிரிவின் இரண்டு வீரர்களுடைய எச்சங்கள் அடையாளம் காணப்பட்டு, 2019இல் ஹரியானாவில் உள்ள குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தன. ஆனாலும் வீட்டாரிடம் இதை முதல் நாளே விளக்கிவிடுவது நேர்மை.

மரபணு ஒப்பீட்டுக்கு யாரிடம் மாதிரி எடுப்பது என்பதில் நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். தாய்வழியில் மாறாமல் வருவது மைட்டோகாண்ட்ரியா மரபணு. அது மறைந்தவரின் சகோதரிகள், அந்தச் சகோதரிகளின் பிள்ளைகள், சகோதரியின் மகள்களுடைய பிள்ளைகள் என்று இறங்கும். தந்தைவழியில் மாறாமல் வருவது ஒய் குரோமோசோம். அது அவருடைய சகோதரர்களின் மகன்கள், அவர்களுடைய மகன்கள் என்று வரும். மறைந்தவர் மணமாகாத இளைஞராக இருந்திருந்தாலும் இந்த இரண்டு வழிகளும் அடைபடுவதில்லை. நம் பக்கத்தில் அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது வழக்கமாக இருந்ததால், மறைந்தவரின் தம்பி தம் அக்காள் மகளை மணந்திருந்தால், அவர்களுடைய மகனிடம் இரண்டு அடையாளங்களுமே ஒருசேர இருக்கும். அவர் ஒருவரே போதும். அதே வழக்கம், உறவின் நெருக்கத்தைக் கணக்கிடும் மற்றச் சோதனைகளைக் குழப்பிவிடவும் கூடும். எனவே வம்சாவளிப் படத்தில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் திருமணங்களை ஒன்று விடாமல் கோடிட்டுக் காட்டி, ஆய்வுக்கூடத்துக்கு விளக்கக் குறிப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும். இதை வெட்கப்பட்டு மறைத்தவர்களும் உண்டு. மறைத்தால் முடிவு தவறாகப் போகும்.

போய் வருதல்

இம்பாலுக்கும் பர்மாவுக்கும் மழை ஓய்ந்த மாதங்களில்தான் போக வேண்டும். தை அறுப்பு முடிந்து நெல் வீடு வந்த பிறகு, மாசி பங்குனியில் நம் கை ஓய்ந்திருக்கும் காலமும் அதுவாகவே அமைகிறது. பர்மாவில் 2021 பிப்ரவரியில் ஆட்சி மாறியதிலிருந்து நிலைமை சீராக இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்க்காமல் பயணச் சீட்டு எடுக்கக் கூடாது. கிராஞ்சிக்குப் போவது எளிது. போகுமுன் பெயர் இருக்கும் தூணின் எண்ணைப் பதிவிலிருந்து குறித்துக்கொள்ளாவிட்டால், 24,000 பெயர்களுக்கு நடுவே வெயிலில் நின்று தேட வேண்டிவரும். மண் எடுத்துவர எல்லோருக்கும் ஆசை இருக்கும்; ஆனால் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண்ணை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. பெயரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் நகல் எந்தத் தடையும் இல்லாமல் வீடு வந்து சேரும். கல்லில் எண்ணெய், குங்குமம் பூசாதீர்கள், பூ வைக்கலாம்.

பதிவில் இருக்கும் நாளைத் திதியாக மாற்றுவதற்கு முன், அது இறந்த நாளா, காணாமற்போனதாகக் குறித்த நாளா என்று ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். சிங்கப்பூரில் மறைந்த பலருக்கு 1942 பிப்ரவரி 15 என்றே இருக்கும். எங்கள் பாட்டியின் தமையனாருக்கும் அதுதான் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் இருந்தாரா என்பதற்கு ஒரு தாளும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தபோது, குடும்பத்துப் புரோகிதர் பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். அது மாசி மாதத்து அமாவாசை. அந்த ஆண்டிலிருந்து, பாட்டியின் தம்பி மகன் மாசி அமாவாசையன்று அவருடைய பெயரைத் தனியே சொல்லித் தண்ணீர் விடுகிறார். கல்லில் இருக்கும் சிதைந்த பெயரை அல்ல, வீட்டில் கூப்பிட்ட பெயரை.